தறியைத் தொடாத நாட்கள்

அத்தை கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தபோது, அம்மா கையில் இருந்த டம்ளர் சாய்ந்து காப்பி மடியில் கொட்டியது. அம்மா அதைத் துடைக்கவில்லை. அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான். அன்று காலையில் அத்தை தன் மகளைக் கடைக்கு அனுப்பி தனக்கு நாப்கின் வாங்கிவரச் சொன்னதை நாங்கள் இருவரும் கேட்டிருந்தோம். அத்தை பின்பக்கம் ஒதுங்கிவிடுவாள், சமையலை நாம்தான் பார்க்க வேண்டும் என்று அம்மா என் காதில் சொல்லிக்கூட வைத்திருந்தாள்.

அது ஆந்திராவில் தர்மவரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவை நான் நைனா என்பேன், அவருடைய சொந்த ஊர். அத்தை நைனாவுக்கு அக்கா. அவளுடைய பெரிய மகன் கல்யாணத்துக்கு ஆரணியிலிருந்து போயிருந்தோம். கல்யாணம் முடிந்த மறுநாளே திரும்பியிருப்போம். நைனாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதால் நான்கு நாள் தங்கும்படி ஆனது. அதற்கு முன்னாலும் நாங்கள் ஊருக்குப் போயிருக்கிறோம். ஆனால் கல்யாணத்துக்கோ சாவுக்கோதான். அந்த நாட்களில் யார் வீட்டிலும் தறி ஓடாது. ஓடுகிற தறியை, அதில் யார் எப்போது உட்காருகிறார்கள் என்பதை, நாங்கள் அங்கே பார்த்ததே இல்லை.

அத்தை நாடாவை, ஊடை நூல் வைத்த அந்தக் கட்டையை, எறிந்தாள். சத்தம் எங்கள் வீட்டுத் தறிச் சத்தம் போலவே இருந்தது. நாங்கள் ஏன் அப்படிப் பார்த்தோம் என்று சொல்வதற்கு எங்கள் வீட்டு வழக்கத்தை முதலில் சொல்ல வேண்டும்.

ஆரணியில் பட்டு வேலை நன்றாக இருக்கிறது என்று ஒரு முதலாளி கூப்பிட்டு நைனா கிளம்பி வந்தபோது எனக்கு நாலு வயதோ ஐந்தோ. ஆரணியை ஒட்டிய சேவூரில் வாடகை வீடு. முன்னறை முழுவதும் தறி, மிச்ச இடத்தில் நாங்கள். வீட்டில் தெலுங்கு பேசுவோம். வருஷம் போகப்போக அதில் ஆரணித் தமிழ் ஏறி, எது எந்த மொழி என்று பிரிக்க முடியாத ஒன்றாகிவிட்டது. அதனால் எல்லோரும் பேசியதை இங்கே தமிழாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் தீட்டு வந்த பெண் தறியைத் தொடக் கூடாது. தறி இருக்கும் அறைக்குள்ளேயே வரக் கூடாது. பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கே தனித்தட்டு, தனி டம்ளர், ஒரு பாய். சோற்றைத் தூக்கித்தான் போடுவார்கள். கைபட்டால் குளிக்க வேண்டும். தகரத்துக்குக் கோடையில் ஒரு குணம், மழையில் ஒரு குணம். அம்மாவை அங்கே இரண்டு முறை தேள் கொட்டியிருக்கிறது. என்னை ஒரு முறை.

பக்கத்து வீடுகளும் நெசவு வீடுகள்தான். அவர்கள் எப்போதோ இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரம்மா அம்மாவைக் கிண்டல் செய்வாள்.

"ஏம்மா, கம்பெனிக்குப் போற பொண்ணுங்க எல்லாம் மாசா மாசம் லீவு போட்டுகினா உக்காந்துகினு கீது? நீ மட்டும் இன்னாத்துக்கு கொட்டாய்ல குந்திகினு கீற?"

"உங்க ஊரு, உங்க சாமி, நீங்க எப்படி வேணா இருப்பீங்க" என்பாள் அம்மா. "நாங்க பொழைக்க வந்தவங்க. தறிக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்களுக்கு யாரு இருக்கா? ஊர்ல எப்படி செஞ்சாங்களோ அப்படியே செஞ்சுகினு போயிடறோம்."

நாங்கள் நெய்வது உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். அந்தச் சேலையை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. நைனா ஒரு கரையையும் உடலையும் பார்ப்பார். அடுத்த கரையின் நாடாவை வாங்கித் திருப்பி எறிய இடப்பக்கம் இன்னொரு கை வேண்டும். அந்தக் கை நான். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் மூன்று மணி நேரம், வந்த பிறகு விளக்கு வைத்தும் வெகு நேரம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க. நான் தள்ளி இருக்கும் நாட்களில் அம்மா உட்காருவாள். அம்மா தள்ளி இருந்தால் நான் பள்ளிக்கூடமே போக மாட்டேன். எங்கள் தெருவில் பல பிள்ளைகள் இப்படித்தான் வளர்ந்தார்கள். இதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த வழக்கத்தில் ஒரு சந்து இருந்தது. கொட்டகையில் இருக்கும் பெண் முன்பக்கம் வரக் கூடாது, அவ்வளவுதான். பின்பக்கமாக அவள் எங்கே போகிறாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் பேச வேண்டும், பேசினால் பக்கத்தில் வர வேண்டும். நைனா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். எட்டாவது படிக்கும்போது அப்படி ஒரு காலையில், தூக்கம் வராமல், பின் சந்து வழியாகக் கிளம்பி வயல் ஓரமாக நடந்து மெயின் ரோடு ஏறி, ஆரணியில் நான் படித்த பள்ளிக்கூட மைதானம் வரை போய்விட்டேன். விடிந்தும் விடியாத நேரம். சில பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டு டீச்சர் என்னைப் பார்த்து, "ஏய், நீ யாரு கிளாஸு? வேடிக்கை பாக்கவா வந்த? போய் வரிசையில நில்லு" என்றார். போய் நின்றேன். மூன்றாவது சுற்றில் திரும்பிப் பார்த்தபோது என் பின்னால் பக்கத்தில் யாரும் இல்லை.

அதுவரை நான் எதிலும் முதலில் வந்ததில்லை. ஊர் மாறி வந்ததில் இரண்டு வருஷம் தள்ளித்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வகுப்பில் நான்தான் உயரம், நான்தான் மண்டு. ஓடும்போது அது இரண்டும் இல்லை. இதற்குமேல் அதைப் பற்றி அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மாதம் மூன்று நாள் ஓடினால் போதாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. மூன்று நாளை ஐந்து நாளாக்கினேன். அதுவும் பற்றாமல் மாதத்துக்கு இரண்டு முறை வருவதாகச் சொன்னேன். அம்மா பயந்துபோனாள். எள்ளுருண்டை பிடித்துக் கொடுத்தாள், வாழைப்பூ சமைத்துத் தட்டில் தூக்கிப் போட்டாள். லேடி டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர், "வளர்ற வயசுல சில பேருக்கு அப்படித்தான் இருக்கும்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். எள்ளுருண்டையும் சத்து மாத்திரையும் ஓடுகிறவளுக்கு நல்லதுதானே. நான் நன்றாகவே ஓடினேன்.

பத்தாவது படிக்கும்போது சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டியில் மூவாயிரம் மீட்டரில் முதலாவதாக வந்தேன். அந்த நாளுக்கும் எனக்குத் தீட்டு. கோப்பையைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துவிட்டேன். அடுத்தது திருவண்ணாமலையில் மாவட்டப் போட்டி. அதில் முதல் இரண்டு இடம் வருகிறவர்கள் மாநிலத்துக்குப் போவார்கள். மாநிலத்தில் ஓடினால் விளையாட்டு விடுதியில் எடுத்துக்கொள்வார்கள், தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அங்கேயே என்று டீச்சர் சொல்லியிருந்தார். பதினேழு வயதுக்குள் பிரிவில் எனக்கு அதுதான் கடைசி வருஷம். நான் அதற்கும் நாள் பார்த்து வைத்திருந்தேன். போட்டிக்கு முந்தைய வாரம் முழுவதும் கொட்டகையில் இருப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

டீச்சர் ஒருமுறை கேட்டார். "நீ ஏன்டி விட்டு விட்டு வர? ஒரு வாரம் வர, அப்புறம் காணாம போயிடற."

கொட்டகையில் தள்ளி வைப்பதை மட்டும் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இந்தக் காலத்துலயுமா? தகரக் கொட்டாய்லயா? நான் வரேன் உங்க வூட்டுக்கு. உங்கம்மா கிட்ட நான் பேசறேன்."

"வேணாம் டீச்சர்" என்றேன். "உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன், வராதீங்க."

அடிப்பார்கள் என்று பயப்படுகிறேன் என அவர் நினைத்துக்கொண்டார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த நிலையில்தான் அத்தை வீட்டில் அந்தக் காட்சியைப் பார்த்தோம்.

அம்மா கடைசியில் நாத்தனாரைப் பார்த்து வாயைத் திறந்தாள். "வதினா, நீங்க இன்னிக்கு தறியில..."

அத்தைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாடாவை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

"நீங்க இன்னும் அதையெல்லாம் பாத்துகினா இருக்கீங்க? இங்க யாரு பாக்கறா? அந்தக் கிழவர் செத்தப்பவே விட்டாச்சு."

கிழவர் என்பது என் தாத்தா. நைனாவின் அப்பா. நாங்கள் ஆரணிக்கு வந்த மறு வருஷமே செத்துப்போனவர்.

"ஊர்ல எல்லாருமேவா?" என்றாள் அம்மா.

"எல்லாருந்தான். மாசத்துல நாலு நாளு தறி நின்னா சோறு எங்கேருந்து வரும்? ஒண்ணும் ஆவல. தறி பாட்டுக்கு ஓடிகினு கீது." அத்தை என்னைப் பார்த்தாள். "இவளையும் தள்ளி உக்கார வெக்கறீங்களா? இந்த ஒசரத்துல பொண்ணு இருந்தா நான் வருஷம் பூரா தறியை நிறுத்தவே மாட்டேன்." பிறகு அம்மாவிடம், "என் சின்னவனுக்கு இவளைக் குடுத்துடு. பழக்கமான கை" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்த ஊரில் அப்படித்தான் பெண் கேட்பார்கள்.

திண்ணமாக ஒன்று சொல்வேன். அத்தை என்னைப் பெண் கேட்டது எனக்கு அன்று காதிலேயே விழவில்லை. ஒண்ணும் ஆகவில்லை, தறி ஓடுகிறது என்று அவள் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கதிரி, மதனப்பள்ளி, சித்தூர் என்று பஸ் மாறி மாறி வந்தோம். அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தாள். வேலூரில் ஆரணி பஸ்ஸுக்கு நிற்கும்போது நைனாவைப் பார்த்து, "பன்னெண்டு வருஷம்" என்றாள்.

நைனா, "இன்னா?" என்றார்.

"பன்னெண்டு வருஷமா அந்தத் தகரத்துக்கு அடியில கெடந்தேன். மழையில, வெயில்ல. ஒருத்தரும் எனக்கு சொல்லல. வாரத்துக்கு ஒரு வாட்டி உங்கக்கா கிட்ட போன்ல பேசறேன். மாடு கன்னு போட்டது, எவளோ ஓடிப்போனது, எல்லாம் சொல்லுவாங்க. இதை சொல்லல."

"நீயே கேட்டிருக்கலாமே."

"இதைப் போய் எவளாவது போன்ல கேப்பாளா?"

நைனாவும் திகைத்துத்தான் போயிருந்தார். விட்டுவிட்டு வந்த ஊர் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது என்று இருவரும் நம்பியிருந்தார்கள். அது பாட்டுக்கு நடந்து போய்விட்டது, இவர்கள்தான் அதே இடத்தில் நின்றிருக்கிறார்கள். பஸ்ஸில் ஏறும்போது அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஏறாமலே நின்றாள். பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள்.

வந்த இரண்டாவது வாரம் அம்மாவுக்கு நாள் வந்தது. காலையில் தலைக்குக் குளித்தாள். விபூதி பூசிக்கொண்டாள். தறியின் முன்னால் வந்து நின்றாள். நைனா தலையைக் குனிந்து இழை முடிந்துகொண்டிருந்தார். அம்மா என்னை எழுப்பிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தாள். முதல் நாடா தரையில் விழுந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். இழை அறுந்ததா, பாவு தளர்ந்ததா, எங்கேயாவது ஏதாவது முறிந்ததா என்று பார்த்தோம். ஒன்றும் இல்லை. நைனா நாடாவை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். கையில் கொடுத்தார், கீழே வைத்து நகர்த்தவில்லை. அம்மா முகத்தில் அப்போது வந்தது என்ன என்று எனக்கு இன்றும் பெயர் வைக்கத் தெரியவில்லை. சந்தோஷம் இல்லை. அடி வாங்கியவள் முகம் மாதிரிதான் இருந்தது.

மத்தியானம் அவளே கொட்டகையில் இருந்த பாயையும் தட்டையும் வெளியே எடுத்துப்போட்டாள். நாடாவுக்குத் தார் நூல் சுற்றும் ராட்டினத்தை அங்கே கொண்டுபோய் வைத்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"உனக்கும் இனிமே கிடையாது" என்றாள். "நான் பட்டது போதும். நீ எப்பவும் போல உள்ள இரு, தறியில உக்காரு, எங்ககூட சேர்ந்து சாப்பிடு."

எனக்கு ஒரு நகை செய்து போடுகிற மாதிரி சொன்னாள். நான் என்ன சொல்ல முடியும்? "சரிம்மா" என்றேன். சிரிக்க வேண்டியிருந்தது, சிரித்தேன். தீட்டு நாள் ஒன்றில் முதல் முறையாக அன்று இரவு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது.

இதை நான் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அத்தை மகனை நான் கட்டிக்கொள்ளவில்லை. பத்தாவதோடு படிப்பும் நின்றது. ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி, திருப்பூரில் பனியன் கம்பெனி, ஓசூரில் போன் பாகம் பூட்டுகிற வேலை, நடுவில் ஒரு மருத்துவமனையில் தரை துடைத்தது என்று ஓர் இடத்தில் ஒரு வருஷத்துக்குமேல் நான் நின்றதில்லை. ஹாஸ்டல் அறைகளில் பெண்கள் தங்கள் வீட்டுக் கட்டுப்பாட்டைப் பேசும்போது நான் இதைச் சொல்வேன். பாதிப் பேர் நம்புவதில்லை. "ஒதுக்கி வெச்சதை எடுத்துட்டாங்கன்னு எவளாவது அழுவாளா?" என்று ஒருத்தி கேட்டாள். நான் அழவில்லை என்றுதான் அவளுக்குச் சொன்னேன். அழுகிற அளவுக்கு அது உள்ளே போகவே சில நாள் ஆனது. முதலில் வெறும் அதிர்ச்சிதான். கால் வைக்கப்போன படியை யாரோ எடுத்துவிட்ட மாதிரி.

அந்த மூன்று வாரமும் நான் ஓடவில்லை. காலையில் தறி, மாலையில் தறி. அதுவும் ஒரு கல்யாணச் சேலை, அவசரம். சாப்பாட்டு மணியில் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் இரண்டு சுற்று ஓடிப் பார்த்தேன், தலை சுற்றியது. டீச்சர் பயிற்சிக்குக் கூப்பிட்டுவிட்டார். வருகிறேன் டீச்சர் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வீட்டில் கேட்டுவிட்டால் என்ன என்று அப்போதுதான் முதன்முதலாகத் தோன்றியது. அதற்கு முன்னால் நான் எதையும் கேட்டதே இல்லை. கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. எப்படிக் கேட்பது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. போட்டி நாள் காலை வரை தெரியவில்லை.

அன்று பள்ளிக்கூட வாசலிலிருந்து ஆறு மணிக்கு வேன். ஐந்தரைக்கு நான் தறியில் உட்கார்ந்திருந்தேன். கைக்கு வந்த நாடாவைத் திருப்பி எறியாமல் பிடித்துக்கொண்டேன்.

"நைனா, இன்னிக்கு நான் உக்காரலை."

"ஏன், ஒடம்பு சரியில்லையா?"

"இல்ல. திருவண்ணாமலை போவணும். ஓட்டப் பந்தயம்."

"யாரு ஓடறது?"

"நான்தான்."

நைனா என்னை மேலும் கீழும் பார்த்தார். வேறு யாரையோ பார்ப்பதுபோல. "நீ எப்ப ஓடின?"

அம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்துவிட்டாள். வேறு வழியில்லை, சொன்னேன். இரண்டு வருஷமாக ஓடுவதை, குறுவட்டத்தில் ஜெயித்ததை, தள்ளி இருந்த நாட்களில் போய் வந்ததை.

"அந்த நாள்லயா?" என்றாள் அம்மா. "எந்த வழியா போவ?"

"பின் சந்து வழியா போயி, அப்படியே மெயின் ரோடு."

"அம்மன் கோயிலைத் தாண்டிகினா?"

"ஆமா."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "சாமி வாசலைத் தாண்டி, தீட்டோட, ரெண்டு வருஷம்."

"நீயேதான் இப்போ தறியில உக்கார்றியே" என்றேன்.

"தறி நம்மளது. கோயிலு ஊர்க்காரங்களது. யாராவது பாத்திருந்தா? நாம பொழைக்க வந்தவங்கடி." மூச்சு வாங்கினாள். பிறகு வேறு ஏதோ நினைவுக்கு வந்து என்னை உற்றுப் பார்த்தாள். "மாசத்துக்கு ரெண்டு வாட்டி வந்துச்சே, அது?"

"வரலை."

"வரலையா? நான் எள்ளுருண்டை புடிச்சுப் புடிச்சுக் குடுத்தேனே."

"நல்லா இருந்துச்சும்மா."

நைனாவுக்குச் சிரிப்பு வந்ததோ என்று ஒரு நொடி தோன்றியது. வரவில்லை. அவர் தறியைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஓடினா இன்னா வரும்?"

"ஜெயிச்சா மாநிலத்துக்குப் போலாம். விடுதியில சேத்துக்குவாங்க. நல்லா ஓடினா போலீஸ்ல எடுப்பாங்க."

"விடுதியில சேர்ந்துட்டா இந்தக் கரையை யாரு நெய்யறது?" என் பக்கத்துக் கரையைக் காட்டினார். "உங்க அத்தை நேத்துகூட போன் பண்ணிச்சு. அங்க குடுக்கப்போற பொண்ணு. ரோட்ல ஓடிகினு கீதுன்னு எவனாவது சொன்னா, வந்த ஊர்லயும் மானம் போவும், இருக்கற ஊர்லயும் போவும்."

மணி ஆகிக்கொண்டிருந்தது.

"என்னைக் கேட்டா வேணாம்னுதான் சொல்லுவேன்" என்றார் நைனா. "இத்தினி நாளா கேக்காம போன. இன்னிக்கு எதுக்குக் கேட்ட?"

அவ்வளவுதான். கையிலிருந்த இழையை முடிய ஆரம்பித்தார். நான் தறிக்குழியிலிருந்து காலை எடுத்தேன். அவர் நிமிரவில்லை. அம்மா வழியில் நின்றாள், நான் பக்கத்தில் வந்ததும் விலகினாள். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஓடினேன். வேன் கிளம்பி நகர்ந்துவிட்டது, தட்டி நிறுத்தி ஏறினேன். அன்று நான் நன்றாக ஓடியது அந்த ஓட்டம்தான்.

திருவண்ணாமலை மைதானத்தில் எல்லோருக்கும் ஆணி வைத்த ஷூ இருந்தது. எனக்கு வெறும் கால். அது எனக்குப் பழக்கம், அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். முதல் நான்கு சுற்று முன்னால் இருந்த இரண்டு பெண்களோடு ஒட்டியே ஓடினேன். ஐந்தாவது சுற்றில் நெஞ்சு திறக்கவில்லை. எப்போதும் அந்த இடத்தில்தான் எனக்குக் காற்று உள்ளே வந்து கால் லேசாகும். வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. மூன்று வாரம் ஓடாத உடம்பு அது. கடைசி வளைவில் இன்னொருத்தியும் தாண்டினாள். நாலாவதாக முடித்தேன்.

புல்லில் குப்புறப் படுத்திருந்தேன். டீச்சர் வந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து உட்கார வைத்தார்.

"என்னடி ஆச்சு உனக்கு? குறுவட்டத்துல ஓடின ஓட்டத்தை இங்க ஓடியிருந்தா ரெண்டாவது இடம் உன்னுதுதானே. பயிற்சிக்கும் வரலை. வூட்ல தடுத்தாங்களா?"

"இல்ல டீச்சர். வூட்ல இப்போ தள்ளி வெக்கறதை விட்டுட்டாங்க."

"என்னது?"

"தீட்டுன்னு ஒதுக்கி வெக்கறது இல்ல. எல்லா நாளும் உள்ளயே இருக்கலாம். அதனால தறி..."

நான் முடிக்கவில்லை. டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எவ்ளோ பெரிய விஷயம்டி இது" என்றார். "இந்தப் பதக்கம் எல்லாம் இன்னா? உங்கம்மாவைச் சொல்லணும். நான் வந்து பேசாமலே அவங்களா மாறியிருக்காங்க பாரு."

என் தோல்விக்குக் காரணமாக நான் சொன்னதை அவர் என் வெற்றியாக எடுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற இன்னொரு பள்ளிக்கூடத்து டீச்சரிடமும் சொன்னார். அந்த டீச்சர் எனக்குக் கை கொடுத்தார். நான் என் கையை அவர் கையில் விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை. திட்டுவதற்கு ஓர் ஆள்கூட இல்லாமல் ஒரு காரியம் கைவிட்டுப் போகும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

சாயங்காலம் வீடு வந்தபோது தறிச் சத்தம் வாசலிலேயே கேட்டது. அம்மா என் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து உட்கார்ந்திருக்க வேண்டும், சேலை நான் விட்டுப் போன இடத்தைத் தாண்டி நிறைய ஏறியிருந்தது. அடுப்பு பற்றவைத்த மாதிரி தெரியவில்லை. நான் வாசல்படியிலேயே நின்றேன்.

"இன்னா ஆச்சு?" என்றாள் அம்மா, நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நாலாவது."

"எத்தினி பேர்ல?"

"பதினோரு பேர்."

"அப்போ நல்லாத்தானே ஓடியிருக்க."

"ரெண்டு பேரைத்தான் எடுப்பாங்க."

"அடுத்த வருஷம் ஓடலாமில்ல?"

"வயசு தாண்டிடும். இதான் கடைசி."

நைனா நாடாவை எறிந்தார். அம்மா வாங்கினாள், திருப்பி எறியவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன் தோத்த?"

"ஓடி மூணு வாரம் ஆச்சும்மா. கொட்டாய் இல்லாம எங்க போயி ஓடறது?"

அம்மாவுக்கு அது அப்போதுதான் எட்டியது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. பின்பக்கக் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். காலையில் கோயிலைத் தாண்டியதற்குத் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா" என்றாள். குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "நானும் இன்னும் கொஞ்ச நாளு அங்கயே கெடந்திருப்பேனே. போட்டி முடியற வரைக்கும். பன்னெண்டு வருஷம் கெடந்தவளுக்கு ஒரு மாசம் இன்னா கஷ்டம்?"

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா அப்படிச் சொல்வாள் என்று நான் எந்தக் கணக்கிலும் வைத்திருக்கவில்லை. அவளிடம் ஒளிப்பது எப்படி என்றுதான் இரண்டு வருஷமாக யோசித்திருந்தேன்.

"அவ வந்துட்டா, நீ எழுந்து உலை வையி" என்றார் நைனா.

"இன்னிக்கு தறியை நானே பாக்கறேன்" என்றாள் அம்மா. மடியிலிருந்த நாடாவை எடுத்துத் திருப்பி எறிந்தாள்.